தொண்டைமானாற்றில் மறைந்து நின்ற மரக்கலங்கள்

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் இந்த முறை இரவுக்கு இரண்டு அத்தியாயம் என்று கணக்கு வைத்து வாசித்தேன். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த கதை. வாராவாரம் வாசகரைக் காக்கவைக்க எழுதியதை ஆறுதலாக வாசித்தால்தான் அதன் மர்மம் பிடிபடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் பாகமான 'சுழற்காற்று'. கதை கடல் தாண்டி எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் வந்துவிடுகிறது. யானை இறவு வருகிறது. இளவரசர் அருள்மொழிவர்மரைச் சிறைப்பிடிக்க வந்த மரக்கலங்கள் தொண்டைமானாற்று முகத்துவாரத்தில் மறைந்து நிற்கின்றன. சின்ன வயதிலிருந்து சந்நிதி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் பார்க்கிற அதே ஆறு! வாசித்த மறுநாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன். எந்த வளைவில் கப்பலை ஒளித்திருப்பார்கள் என்று இருட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இளவரசரின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைத்தான் எல்லோரும் பெரிய மர்மமாகச் சொல்வார்கள். சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டில் அவனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் முதலானவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஆனாலும் கடம்பூர் மாளிகையின் அந்த இருட்டுக்குள் நடந்ததைக் கல்கி முழுவதும் திறந்து காட்டவில்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது.

என்னைத் தூங்கவிடாதவள் ஊமை ராணிதான். பேசவும் கேட்கவும் முடியாத அந்தப் பெண், காவேரியில் விழுந்த பிள்ளையை மீட்ட கதையைச் சித்திரங்களாலேயே இளவரசருக்குச் சொல்கிறாள். அவள் இறந்துவிட்டாள் என்று நம்பி ஒரு சக்கரவர்த்தி நோயில் கிடந்து உருகுகிறார். காதலும் மர்மமும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிய இடம் கதையில் வேறு இல்லை. வந்தியத்தேவனும் குந்தவையும் பேசிக்கொள்ளும் இடங்கள் இனிமைதான், ஆனால் மனம் இவளிடமே திரும்பி வருகிறது. மிச்சத்தை நீங்களே வாசியுங்கள்.

நாலாம் பாகத்தில் சதியாலோசனைகள் கொஞ்சம் நீளம். அங்கே பொறுமை வேண்டும்.

நாட்டுடைமையான நூல் என்பதால் பல பதிப்புகள் கிடைக்கின்றன. நான் முதலில் வாங்கிய மலிவுப் பதிப்பில் எழுத்து பொடி. மூன்றாம் பாகத்தில் 16 பக்கங்களே இல்லை, அதுவும் கதை சூடுபிடிக்கிற இடத்தில். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். வாங்குகிறவர்கள் கடையில் வைத்தே ஐந்து பாகத்தையும் புரட்டிப் பக்க எண்களைப் பார்த்துவிடுங்கள்.