விமான ரேடியோவுக்கு எந்த இணைப்பி? டர்பன் கடற்கரையிலிருந்து ஓர் அலசல்

டர்பனின் வர்ஜினியா விமான நிலையத்தில் ஓடுபாதையை ஒட்டியே கடல். அங்கே நிற்கும் சிறு விமானம் எதிலும் ஆன்டெனாவின் அடியைக் கழற்றிப் பாருங்கள், உப்புக்காற்று செய்த வேலை தெரியும். கேபிளின் உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிப் பின்னலில் பச்சை பூத்திருக்கும்.

நண்பர் ஒருவரின் நான்கு இருக்கை விமானத்தில் இதுதான் நடந்தது. தரையில் ரேடியோ கணீரென்று பேசும். மேலே ஏறியதும், குரல் உடைந்து வருகிறது என்பார்கள் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில். வயதில் மூத்த அவர் புது ரேடியோ வாங்கவே முடிவு செய்துவிட்டார். “அண்ணா, இரண்டு நாள் பொறுங்கள். முதலில் கேபிளைப் பார்க்கிறேன்” என்றேன். ஆன்டெனா முனையில் கேபிளைச் சேர்க்கும் பிஎன்சி வகை இணைப்பியை விரலால் லேசாக இழுத்தேன். உறை கழன்று கையோடு வந்துவிட்டது. பின்னலில் பாதிக் கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் நசுக்கியிருந்தார்கள். ஈயம் பற்றவைத்த சூட்டில் உள்ளே இருந்த பாலிஎத்திலீன் இளகி, நடு ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

அதனால்தான், இணைப்பி வகையில் பிஎன்சியா டிஎன்சியா என்று யார் கேட்டாலும், அதை எப்படிப் பொருத்தப்போகிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன்.

இருந்தாலும் அந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. இரண்டும் உள்ளே ஏறக்குறைய ஒன்றே. பிஎன்சி கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும், டிஎன்சிக்குத் திருகுமரை. பேச்சு ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அந்த அலைவரிசையில் நல்ல பிஎன்சி தாராளமாகப் போதும். பேனலுக்குப் பின்னால் கை நுழையாத இடுக்கில் ஒரே திருப்பில் கழற்ற முடிவது பெரிய சௌகரியம். அதன் பலவீனம் அதிர்வு. பூட்டின் சுருள்வில் தளர்ந்தால் இணைப்பி ஆடும், ஆடினால் இரைச்சல் வரும். தரை ராடாரின் கேள்விக்குத் தானாகப் பதில் தரும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி 1090 மெகாஹெர்ட்சில் பதில் அனுப்புகிறது, ஜிபிஎஸ் 1575 மெகாஹெர்ட்சில் கேட்கிறது. அங்கே திருகுமரை தரும் உறுதி எனக்குப் பிடிக்கும். விமானத்தின் வயிற்றுப் பக்கம் சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்திலும் டிஎன்சிதான் என் தேர்வு. ஆனால் ஆன்டெனாவில் ஏற்கெனவே பிஎன்சி இருந்தால், நடுவே ஒரு மாற்றியைச் செருகி டிஎன்சி ஆக்காதீர்கள். கூடுதலாக வரும் ஒவ்வொரு மூட்டும் பழுதுக்கு ஒரு புது இடம்.

பழைய ரேடியோக்காரர்கள் விரும்பும் பிஎல்-259 என்ற இணைப்பி இந்தப் போட்டியிலேயே இல்லை. கனமானது, ஈரத்தைத் தடுக்காது, ஏறக்குறைய 300 மெகாஹெர்ட்சுக்கு மேல் நம்ப முடியாது.

இன்னொரு பொறி, கண்காணிப்புக் கேமரா கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிஎன்சி. பார்க்க அதே உருவம். ஆனால் அதன் மின்மறிப்பு பெரும்பாலும் 75 ஓம், விமானத்துக்கு வேண்டியதோ 50 ஓம். பேச்சு அலைவரிசையில் அந்த வேறுபாட்டால் வரும் இழப்பு சிறிதுதான். பெரிய கெடுதல் அளவில் இருக்கிறது. அது சுமார் 6 மில்லிமீட்டர் கனமுள்ள கேபிளுக்காகச் செய்தது. நம் கேபிள் 5 மில்லிமீட்டர்தான், எவ்வளவு நசுக்கினாலும் பிடிப்பு கிடைக்காது. முறுக்கிச் செருகும் வகையை விமானத்தின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

கேபிளில் ஆர்ஜி-58, ஆர்ஜி-400 இரண்டுக்கும் வெளிக்கனம் ஒன்றே. உள்ளேதான் வேறுபாடு. முன்னதில் ஒற்றைப் பின்னல், பாலிஎத்திலீன், பிவிசி உறை. பின்னதில் வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல், டெஃப்லான் காப்பு. 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், தீப்பற்றினாலும் பிவிசி போல் எரிந்து பரவாது. பேச்சு ரேடியோவுக்கு இரண்டு மூன்று மீட்டரில் இழப்பு வித்தியாசம் காதுக்குத் தெரியாது, டிரான்ஸ்பாண்டருக்குத் தெரியும். விலை பல மடங்கு என்பது உண்மைதான். ஆனால் சிறு விமானம் ஒன்றுக்குத் தேவை சில மீட்டர்தானே!

இனி பொருத்தும் முறை. ஈயத்தால் பற்றவைப்பதும் நட்டால் இறுக்குவதும் பழைய வழிகள். கைத்தேர்ச்சி உள்ளவர் செய்தால் நன்றாகவே நிற்கும். பெரிய கருவியும் வேண்டாம். ஆனால் செய்பவரின் அன்றைய கையைப் பொறுத்துத் தரம் மாறும். கிரிம்ப், அதாவது உலோக வளையத்தை இடுக்கியால் நசுக்கிப் பிடிக்கவைக்கும் முறை, அப்படியல்ல. சரியான அச்சுள்ள இடுக்கி, முழு அழுத்தம் கொடுக்காமல் திறக்கவே திறக்காது. ஆர்ஜி-400 மேல் வரும் வளையத்துக்கு 5.41 மில்லிமீட்டர் அறுகோண அச்சு, நடு ஊசிக்குத் தனி அச்சு. சாதாரண குறட்டால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. பின்னலில் ஒரு கம்பிகூட வெட்டுப்படாமல் உரித்து, இணைப்பியின் கழுத்தைச் சுற்றிச் சமமாகப் பரப்பி, வளையத்தை அடிவரை தள்ளிய பிறகே இடுக்கி. முடிந்ததும் கையால் இழுத்துப் பார்ப்பேன். அசைந்தால் வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

எனவே நண்பரின் விமானத்துக்கு ஆர்ஜி-400, கிரிம்ப் வகை 50 ஓம் பிஎன்சி. கேபிளை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கவில்லை. ஆன்டெனாவுக்கு முன்னால் ஒரு தொங்கல் விட்டோம், வழியும் நீர் இணைப்பிக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை மேலே சுற்றி, உரிமம் பெற்ற பொறியாளரின் கையெழுத்தும் வாங்கினோம். மறுநாள் உம்லாங்கா கடலோரம் பறந்தபடி அவர் கூப்பிட்டபோது, கோபுரம் முதல் அழைப்புக்கே பதில் சொன்னது. பழைய ரேடியோதான்.