குன்னூர்ல ஒரு டீ ரூம், டேபிளுக்கு ஒரு வார்த்தை

போன ஞாயித்துக்கிழமை குன்னூர்ல ஒரு டீ ரூமுக்குப் போனோம், பேரு போடல, கீழ கொஞ்சம் திட்டியிருக்கேன் அதனால. மொத்தமே அஞ்சு டேபிள், ஒவ்வொண்ணுலயும் கண்ணாடிக்கு அடியில ஒரு வார்த்தை, அது எங்கருந்து வந்துச்சுன்னு நாலு வரி. பாதி இங்கிலீஷ் பாதி ஜாப்பனீஸ்.

எங்களுக்குக் கெடச்சது ட்சுன்டோகு. புக்கா வாங்கி அடுக்கிட்டு படிக்காமலே வெச்சிருக்கறது. ட்சுன்டே ஓகுன்னா அடுக்கி அப்படியே விட்டுடறது, டோகுன்னா படிக்கிறது, ரெண்டையும் ஒட்டி நக்கலா ஒரு சொல்லு, மெய்ஜி காலத்துலயே இருந்திருக்கு. வீட்டுக்காரர் கார்டையும் என்னையும் மாத்தி மாத்தி பாத்தாரு, ஒண்ணும் பேசல, டீயக் குடிச்சாரு.

பக்கத்து டேபிள் காலியானதும் கப்போட அங்க மாறிட்டோம். கொமொரேபி. கோ மரம், மோரே கசியறது, பி வெயில், அதாவது இலை சந்துல வெயில் ஒழுகுறது. நம்ம சோலைதான் இங்கிலீஷ்ல ஷோலா ஆச்சுன்னு அதுலயே ஒரு வரி சேத்திருக்கலாம், இங்க அத விட பொருத்தமா என்ன இருக்கு.

ஸ்நூக்கர் கார்டு சூப்பர். 1875ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லின்னு ஒரு ஆபீசர் (பிரதமரா இருந்தவர் இல்ல, இவர் வேற) ஆரம்பிச்ச ஆட்டம், மிலிட்டரி அகாடமில முதல் வருஷ பசங்கள கூப்புடுற பட்டப்பேராம் அது, ஷாட்ட மிஸ் பண்ண ஒருத்தர அப்படி கூப்பிட்டு அதுவே ஆட்டத்துக்கு பேராயிடுச்சு. ரூல்ஸ் எழுதி மாட்டுனது நம்ம ஊட்டி கிளப்புல.

ஆனா டீப்பாய் கார்டு தப்பு. டீ வைக்கிறதால டீப்பாய்னு போட்டிருக்காங்க, டீக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லங்க, இந்தில திபாய்னா மூணு கால் உள்ளது, வெள்ளக்காரன் காதுல டீன்னு விழுந்து ஸ்பெல்லிங்கையே மாத்திட்டான். ஓனர் அண்ணாகிட்ட சொன்னேன். குனிஞ்சு பாத்துட்டு "இதுக்கு நாலு காலு இருக்கேம்மா"ங்கறாரு.

டீ 90 ரூவா, பால் சேக்காத ஆர்தடாக்ஸ் (தூளாக்காம இலைய சுருட்டிச் செய்யற டீ), வாசமே தனி, குடுக்கலாம். வர்க்கிதான் நமுத்துப் போயிருந்துச்சு, மிஸ்ட் எறங்குற ஊர்ல டப்பாவ மூடி வைக்க மாட்டாங்களா, கடிச்சா சத்தமே வரல, அதுக்கு 60 ரூவா வேற. வர்க்கிய மட்டும் கீழ பஜார்ல ஏதாவது பேக்கரில சூடா வாங்கி பைல வெச்சுட்டுப் போங்க.