வீடியோ அறையா, ஆடுகளமா? என்பிஏ பயிற்சியாளராக இரு வழிகள்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் தலைமைப் பயிற்சியாளராக விரும்புவோர், முதலில் ஆட்டக்காரராக முயல்வதா, அணியின் பணியாளராக நுழைவதா என்று தயங்குவதுண்டு.

காலம்: எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995இல் மியாமி ஹீட் அணியின் வீடியோ அறையில் (ஆட்டப் பதிவுகளை அலசும் பிரிவு) சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 2008இல்தான் தலைமைப் பொறுப்பை எட்டினார். ஆட்டக்காரராக ஐந்து பட்டங்கள் வென்ற ஸ்டீவ் கெர், பயிற்சியாளர் அனுபவமே இன்றி 2014இல் கோல்டன் ஸ்டேட் அணியை ஏற்று, முதல் பருவத்திலேயே கோப்பையை வென்றார்.

நம்பிக்கை: வென்ற ஆட்டக்காரரின் சொல்லுக்கு வீரர்களிடம் உடனே மதிப்புண்டு. வீடியோ அறையிலிருந்து வருபவரோ, தடுப்பாட்டம் எந்த நொடியில் குலைந்தது என்பதைத் திரையை நிறுத்திக் காட்டிக் காட்டியே அந்த மதிப்பை ஈட்ட வேண்டும். இந்த உழைப்பே என்னை அதிகம் கவர்கிறது.

வாய்ப்பு: ஆட்டக்காரர் இடங்கள் 30 அணிகளிலும் சேர்த்தே சில நூறுதான்.

உயர்மட்டத்தில் ஆடும் திறனுள்ளவர் ஆடுகளத்தையும், கூர்ந்த கண்ணும் பொறுமையும் உள்ளவர் வீடியோ அறையையும் தேர்வது பொருந்தும்.