ஓகரைக் கட்டிப்பிடிக்க எந்தப் பதிப்பு நல்லது?

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டில் மல்பிடி என்றாலே விதிப்புத்தகம் தேடிய காலம் 3.5 பதிப்பின் (2003) காலம். வலிமை 18 உள்ள ஐந்தாம் நிலை வீரன் ஒருவன் ஓகர் என்ற பேருருவ அரக்கனைப் பிடிக்கப் பாய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சிறப்புத் தேர்ச்சி எதுவும் இல்லையென்றால், முதலில் ஓகருக்கு ஓர் இலவச அடி. அது பட்டால் முயற்சி அங்கேயே முடிந்தது. தப்பினால், தொட வேண்டும். பிறகு எதிரெதிர்ப் பகடை (இருவரும் இருபது முகப் பகடை உருட்டித் தத்தம் திறனெண்ணைக் கூட்ட வேண்டும்): வீரனுக்கு +9, ஓகருக்கு +12. அந்தப் பன்னிரண்டில் நான்கு வெறும் உடற்பருமனுக்கானது. இவ்வளவும் கடந்தால்தான் பிடி. உண்மைக்கு நெருக்கமான விதிதான்; ஆனால் ஒரு முறை முயன்றவர் மறுபடி முயல்வதில்லை.

2014-இன் ஐந்தாம் பதிப்பு இதை ஒரே உருட்டலாகச் சுருக்கியது. வீரனின் அத்லெட்டிக்ஸ் (உடல்வலுத் திறன்) +7, ஓகருக்கு +4. சமநிலை வந்தால் பிடி இல்லை. கணக்குப் போட்டால் நூற்றுக்கு 62 முறை வீரன் வெல்கிறான். ஒரு கை காலியாக இருக்க வேண்டும், எதிரி நம்மைவிட ஓர் அளவுப்படிக்கு மேல் பெரியவனாக இருக்கக் கூடாது, அவ்வளவே.

சண்டை மூள்வது பிடித்த பிறகுதான். "பிடித்துவிட்டேனே, எப்படிக் கதாயுதத்தைச் சுழற்றுகிறான்?" என்று கேட்காத புதிய ஆட்டக்காரர் இல்லை. 2014 விதிப்படி பிடிபட்டவனின் வேகம் பூஜ்யம். வேறு எந்தப் பாதிப்பும் இல்லை. தாக்கலாம், மந்திரமும் ஓதலாம். பலன் வேண்டுமென்றால் இரண்டாவது தாக்குதலில் அவனைக் கீழே தள்ள வேண்டும். எழுந்திருக்க வேகத்தில் பாதி செலவாகும். வேகமே இல்லாதவன் எப்படி எழுவான்? விதிகளில் எங்கும் ஒரே இடத்தில் எழுதப்படாத இந்தச் சேர்க்கைதான் அந்தப் பதிப்பின் அழகு.

2024 திருத்தம் அந்தப் புதியவரின் கேள்விக்குப் பதில் சொல்கிறது: பிடித்தவனைத் தவிர வேறு யாரைத் தாக்கினாலும் பிடிபட்டவன் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். பின்வரிசை மந்திரவாதிக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் பிடிப்பது இப்போது எதிரியின் சேவிங் த்ரோ, அதாவது ஓர் இலக்கு எண்ணை எட்டித் தப்ப எதிரி மட்டும் உருட்டும் பகடை. இலக்கு எண் 8, வலிமைக்கு 4, தேர்ச்சிக்கு 3, மொத்தம் 15. நம் ஓகர் பாதிக்குப் பாதி தப்புகிறது. ஆவேசத்தில் வலிமைச் சோதனைகளுக்கு இரட்டைப் பகடை உருட்டிக் கூடியதை எடுக்கும் பார்பேரியன் என்ற முரட்டு வீரனுக்கும், அத்லெட்டிக்ஸில் இரட்டைத் தேர்ச்சி வைத்திருக்கும் திருடனுக்கும் பிடிக்கும் தருணத்தில் அந்தச் சலுகைகள் உதவாது. லிச் (இறந்தும் உலவும் மந்திரவாதி) போன்ற பெரும் எதிரிகள், தோற்ற சேவிங் த்ரோவை வெற்றியாக்கும் தங்கள் விசேஷ எதிர்ப்பைச் செலவிட்டு நழுவவும் முடியும். 2014-இல் அந்த வழி இல்லை. ஈடாக, தப்பி ஓடுபவன்மீது கிடைக்கும் இலவச அடியான வாய்ப்புத் தாக்குதலிலேயே அவனைப் பிடித்து நிறுத்தலாம். மங்க் எனும் வெறுங்கைச் சண்டைத் துறவிகளுக்கு இன்னும் கொண்டாட்டம்: இலக்கு எண்ணுக்கு வலிமைக்குப் பதில் சுறுசுறுப்பைக் கணக்கிடலாம்.

என் மேசையில் பிடிக்கும் உருட்டல் 2014-இனுடையது, பிடிபட்ட பின் விளைவு 2024-இனுடையது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பகடை உருட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அந்த நொடியை ஓர் இலக்கு எண்ணுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பார்பேரியன் ஆடுபவர் ஒப்புக்கொண்டார்; மங்க் ஆடுபவர் இன்னும் முணுமுணுக்கிறார்.