எப்போதும் 52 டிகிரி: மின்சார எக்ஸ்கவேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மின்சார எக்ஸ்கவேட்டர் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். எங்கள் இயந்திரத்தின் பக்கெட் ஆக்சுவேட்டர் (பக்கெட்டை அசைக்கும் மின்சாரப் பாகம்) பாழாகிவிட்டது. சர்வீஸுக்கு வந்தவர்களே அதைக் கெடுத்துவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எங்களுடையது ஹைட்ராலிக் எண்ணெயே இல்லாத சிறிய இயந்திரம். பூம் (பெரிய கை), ஆர்ம் (முன்கை), பக்கெட் மூன்றையும் மின்சார ஆக்சுவேட்டர்களே அசைக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மோட்டார், அது சுழற்றும் பால் ஸ்குரூ (எஃகுக் குண்டுகள் உருளும் திருகுத் தண்டு), தாங்கிப் பிடிக்கும் பேரிங், நின்ற இடத்தில் நிறுத்திவைக்க ஒரு பிரேக். இந்த வகை இன்னும் பலருக்குப் புதிது. முழுக்க மின்சாரத்தில் இயங்கும் பாப்கேட் டி7எக்ஸ் லோடர் கண்காட்சிக்கு வந்ததே 2022 ஜனவரியில்தான். (எங்கள் இயந்திரம் அந்த நிறுவனத்துடையது அல்ல.) ஹைட்ராலிக்கில் பழகிய கைகளுக்கு இதன் பலவீனம் எங்கே இருக்கிறது என்பது எளிதில் பிடிபடாது.

ஹைட்ராலிக் இயந்திரத்தில் பக்கெட் பாறையில் மாட்டிக்கொண்டால், மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறக்கும். எண்ணெய் டேங்குக்குத் திரும்பிவிடும். சூட்டையும் அந்த எண்ணெயே கூலருக்குச் சுமந்து போகும். எங்கள் ஆக்சுவேட்டரில் அப்படி விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. அடி நேராக ஸ்குரூவின் பள்ளங்களிலும் எஃகுக் குண்டுகளிலும் இறங்குகிறது. மோட்டார் சுழல முடியாமல் நின்றபடி மின்னோட்டத்தை இழுத்தால், இழுத்தது அத்தனையும் சுருளில் சூடாகிவிடும். ஆகவே விட்டுக்கொடுக்கும் பொறுப்பு முழுவதும் கன்ட்ரோலருடையது. வேகம் திடீரென விழுவதைப் பார்த்து முறுக்கு விசையைக் குறைப்பது, சூடு ஏறினால் வேகத்தைத் தணிப்பது, தண்டு கடைசி எல்லையைத் தொடும் முன்பே மெதுவாக்குவது எல்லாம் அதன் வேலை. விற்கும்போது இதைத்தான் ‘ஸ்மார்ட் பாதுகாப்பு’ என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பெருமை பொய்யில்லை. அதைத்தான் பின்னால் பிடுங்கிவிட்டார்கள்.

கடினமான மண்ணில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தோண்டினால் பக்கெட்டின் வேகம் குறைகிறது என்று டீலரிடம் புகார் சொன்னோம். டெக்னீஷியன் வந்தார். லேப்டாப்பை இணைத்தார், பக்கெட் பக்கத்து மூடியைக் கழற்றினார், நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார். ‘மென்பொருள் சரிசெய்யப்பட்டது’ என்று சீட்டில் ஒரே ஒரு வரி. அன்று மாலை பக்கெட் புதிதுபோல ஓடியது. நன்றி சொல்லி அனுப்பினோம். “சூடு தாங்காமல் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்கிறது, கால் மணி நேரம் ஓய்வு கொடுங்கள்” என்று அவர் சொல்லியிருந்தால் போதும், கொடுத்திருப்போம்.

முதலில் கவனித்தவர் எங்கள் ஆபரேட்டர். “அண்ணா, காலையில் வண்டியை எடுக்கும்போதே பக்கெட் மோட்டார் 52 டிகிரி காட்டுகிறது. மதியமும் 52தான்” என்றார். மற்ற இரண்டு ஆக்சுவேட்டர்களின் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. டீலரை அழைத்தோம். டிஸ்பிளே கோளாறுதான், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

பதினோராவது வாரம், பக்கெட்டை மடக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம். பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டது. அசையவே இல்லை.

வெளியிலிருந்து ஒரு மின் பழுதுபார்ப்பவரை அழைத்துவந்து பிரித்தோம். மோட்டாரின் சூட்டை அளக்கும் சென்சாரின் கனெக்டருக்குப் பின்னால், கறுப்பு ஸ்லீவ் போட்டு மூடிய இடம் ஒன்று சற்றுத் தடித்திருந்தது. அதை பிளேடால் கீறினார். சென்சாரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் வெட்டப்பட்டிருந்தன. அவற்றின் இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டர் பற்றவைக்கப்பட்டிருந்தது. அதன் மேலிருந்த வண்ணக் கோடுகள் பழுப்பு, சிவப்பு, சிவப்பு: அதாவது 1,200 ஓம் மின்தடை. எங்கள் மோட்டாரில் இருப்பது பிடி1000 சென்சார். பூஜ்ஜியம் டிகிரியில் 1,000 ஓம் காட்டும் அது, 1,200 ஓம் காட்டுவது ஏறத்தாழ 52 டிகிரியில். மோட்டார் எரிந்துகொண்டிருந்தாலும் கன்ட்ரோலருக்கு 52தான் தெரியும்.

அது மட்டுமா? மின்னோட்ட உச்சவரம்பையும் ஒன்றரை மடங்காக உயர்த்தியிருந்தார்கள். ஒன்றரை மடங்கு மின்னோட்டம் என்றால் சுருளில் சூடு இரண்டேகால் மடங்கு. பால் ஸ்குரூவின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிராகக் குறைவது. மின்னோட்டத்தோடு சுமையும் ஒன்றரை மடங்கானால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பிரித்தபோது கிரீஸ் கரியாகியிருந்தது. குண்டுகளில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். இதையே பூமில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பள்ளத்துக்குள் ஆள் நிற்கும் வேலை இது. அதை நினைத்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாரண்டி கேட்டபோது, அளவுக்கு மீறி ஓட்டியது உங்கள் தவறு என்றார்கள். ஆதாரமாக கன்ட்ரோலரின் பதிவிலிருந்து சில தாள்களைக் கொடுத்தார்கள். அவற்றில் மின்னோட்டம் எகிறிய நேரங்கள் மட்டும் இருந்தன. அமைப்பு (செட்டிங்) மாற்றங்களின் பக்கம் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்கும் கடவுச்சொல் டீலரிடம் மட்டுமே உண்டு. எழுத்துமூலமாக மூன்று முறை கேட்ட பிறகுதான் அந்தப் பக்கம் கைக்கு வந்தது. உச்சவரம்பு மாறிய தேதி, டெக்னீஷியன் வந்த அதே தேதி.

இயந்திரம் வாங்குவது பற்றி இப்போது எங்களிடம் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். ஒப்படைக்கும் நாளன்றே எல்லா அமைப்புகளையும் அச்செடுத்து டீலரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் புதிய அச்சை அதோடு ஒப்பிடுங்கள். இரவு முழுவதும் நின்ற இயந்திரத்தைக் காலையில் இயக்கியதும் மூன்று மோட்டார்களின் சூடும் வெளிக்காற்றின் சூட்டை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள். யாராவது மென்பொருளைத் தொட்டுவிட்டுப் போனால், பக்கெட்டைக் காலியாக முழு எல்லை வரை நீட்டிப் பாருங்கள். கடைசியில் தானாக மெதுவாகாமல் ‘டங்’ என்று இடித்தால் எல்லை அளவு தவறிவிட்டது. வேகம் குறைகிறது என்று புகார் கொடுப்பதற்கு முன் சூட்டின் எண்ணைப் பாருங்கள்.

மோட்டாரை மட்டும் மாற்றித் தருவதாக இப்போது சொல்கிறார்கள். குழி விழுந்த ஸ்குரூவில் புது மோட்டாரைப் பூட்டச் சம்மதிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்த ரெசிஸ்டரை, கம்பித் துண்டுகளோடு, தேதி எழுதிய ஓர் உறையில் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.