கோலாலம்பூரில் ஸ்டூடியோ வீடு: கேஎல்சிசியா, புக்கிட் பிந்தாங்கா, பிரிக்பீல்ட்ஸா?

கோலாலம்பூரில் விடுமுறைக்கு ஸ்டூடியோ வீடு (படுக்கையும் சமையலும் ஒரே அறையில்) தேடினால், எல்லா விளம்பரத்திலும் "நகர மையத்தில்" என்றே போட்டிருப்பார்கள். எந்த மையம் என்று கேட்க வேண்டிய ஊர் அது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைச் சுற்றிய கேஎல்சிசி, கடைவீதியான புக்கிட் பிந்தாங், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் என்று மூன்றுக்கும் போட்டி.

கேஎல்சிசி பக்கம் நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் மொட்டைமாடி நீச்சல் குளத்துக்கு. 452 மீட்டர் கோபுரத்தில் விளக்கு எரியத் தொடங்கியதும், நீந்துகிறவர்களைவிட செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறவர்கள்தான் குளத்தில் அதிகம். உங்கள் அறை ஜன்னல் பக்கத்துக் கட்டட கார் நிறுத்தத்தைப் பார்த்தபடி இருக்கலாம். விளம்பரப் படத்தில் தெரியும் கோபுரம் அறையிலிருந்து எடுத்ததா, குளத்திலிருந்து எடுத்ததா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

புக்கிட் பிந்தாங் இளசுகளுக்குச் சரி. மோனோரயில், எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) இரண்டும் உண்டு. சாப்பாட்டுக் கடைத் தெருவான ஜாலான் அலோரில் ராத்திரி வரை அடுப்பு அணையாது. மழை பெய்தாலும் பெவிலியன் மால் பக்கமிருந்து குளிரூட்டிய நடைபாலத்திலேயே கேஎல்சிசிக்குப் போய்விடலாம். ஆனால் மதுக்கூடங்கள் நிறைந்த சங்காட் தெருவை ஒட்டி வீடு கிடைத்தால் பாட்டுச் சத்தம் தூங்கவிடாது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் தவிர்ப்பது நல்லது.

என் ஓட்டு பிரிக்பீல்ட்ஸுக்கு. நகரம் பார்க்கப் போகிறவருக்கு ஜன்னலைவிட ரயில் முக்கியம். விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து எல்ஆர்டி நகர ரயிலில் ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி. பத்துமலைக்குக் கேடிஎம் புறநகர் ரயில் நேராகப் போகிறது. மோனோரயில் மட்டும் கொஞ்சம் படுத்தும். அதைப் பிடிக்கப் பெட்டியை இழுத்துக்கொண்டு நியூ சென்ட்ரல் மாலுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். இண்டக்ஷன் அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் பெரும்பாலான ஸ்டூடியோக்களில் இருக்கும். இங்கே அது காலைக் காபிக்கு மட்டும்தான். கீழே இறங்கினால் வாழையிலைச் சாப்பாடு. குறை என்றால், தெருவில் எந்நேரமும் வண்டி நெரிசல், ராத்திரிக் கேளிக்கை கிடையாது.

எந்தப் பேட்டையில் எடுத்தாலும் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அந்தக் கட்டடத்தில் நாள் வாடகைக்கு அனுமதி உண்டா? அடுக்குமாடி நிர்வாகம் தன் விதிகள் மூலம் குறுகிய கால வாடகையைத் தடை செய்யலாம் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. "வாசல் காவலர் கேட்டால் நண்பர் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்" என்று உரிமையாளர் செய்தி அனுப்பினால், வாடகை எவ்வளவு மலிவானாலும் அடுத்த வீட்டைப் பாருங்கள்.