வீட்டில் கட்டும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார்: பைக் எஞ்சினா, கார் எஞ்சினா?

என் கார் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அதைக் கேட்பதில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் பைக் எஞ்சின் போடவில்லை?" என்பார்கள். கேட்கும் தொனியிலேயே ஒரு ஏமாற்றம் இருக்கும். அவர்களுக்கான பதில் இது. நான் கார் எஞ்சின் பக்கம் போனவன். அதனால் தராசு முள் நடுவில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முதலில், எந்த மாதிரி காரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1957இல் காலின் சாப்மேன் கொண்டுவந்த லோட்டஸ் செவனின் வம்சம் இது. கூரை கிடையாது, கதவு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது, நீண்ட மூக்கு, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இரண்டு இருக்கை. அந்தக் காரையே பலர் உதிரிகளாக வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். 1973இல் கேட்டர்ஹாம் அதன் உரிமையை வாங்கி இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது. வீட்டில் கட்டுகிறவர்கள் 25 மி.மீ. சதுரக் குழாயில், 1.6 மி.மீ. தடிமனில், அதே உருவத்தை வெல்டிங் செய்து எடுக்கிறோம். சேசிஸ் எனும் இந்தச் சட்டகம் இரண்டு வழிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதற்குள் எதை உட்கார வைப்பது என்பதில்தான் பாதை பிரிகிறது.

என்னுடையதில் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் எஞ்சின். சுமார் 115 குதிரைத்திறன். காரின் எடை ஆள் இல்லாமல் 560 கிலோ. என்னோடு சேர்ந்தே கட்டத் தொடங்கிய நண்பர் ஒருவர் 1000 சிசி பைக் எஞ்சின் போட்டார். அவருடையது 150 குதிரைத்திறன், 450 கிலோ. ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்குப் போட்டால் எனக்கு 205, அவருக்கு 333. நேர்ச்சாலையில் அவரை நான் பிடிக்கவே முடியாது. சத்தத்திலும் அவர்தான் ஜெயிப்பார். நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் அது எழுப்பும் ஓசையைக் கேட்டவர்கள் என் காரின் பக்கம் திரும்புவதுகூட இல்லை. இந்த இரண்டிலும் வாதமே இல்லை, மேலே போகலாம்.

கியர் பற்றி கொஞ்சம். பைக் எஞ்சினோடு கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் வந்துவிடுகிறது. ஆறு கியர், ஒரு நெம்புகோல், முன்னே ஒரு தட்டு, பின்னே ஒரு தட்டு. ஓட்டுவதற்கு அவ்வளவு சுகம். ஆனால் அவசரமாக பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்கும்போது ஆறிலிருந்து இரண்டுக்குத் தாவ முடியாது, ஒவ்வொன்றாகத் தட்டித்தான் இறங்க வேண்டும். ரிவர்ஸும் கிடையாது. இடையில் தனியாக ஒரு ரிவர்ஸ் பெட்டி மாட்டலாம், அல்லது எஞ்சின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுற்ற ஒரு சின்ன மின்மோட்டார் வைக்கலாம். நண்பர் ஆரம்பத்தில் இரண்டும் வேண்டாம் என்றார். "450 கிலோதானே, இறங்கித் தள்ளிக்கொள்வேன்" என்றவர், லேசான இறக்கத்தில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திய ஒரு நாளைக்குப் பிறகு மோட்டார் வாங்கினார்.

கிளட்ச்சும் அப்படித்தான். 1000 சிசி பைக் என்றால் ஆளோடு சேர்த்து 280 கிலோவை நகர்த்துவதற்காகச் செய்த கிளட்ச். இங்கே அது 530 கிலோவை இழுக்க வேண்டும். எஞ்சினின் சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீல் என்று சொல்ல ஒன்றும் இல்லாததால் கொஞ்சம் அவசரமாக விட்டால் எஞ்சின் அணைந்துவிடும், நிதானமாக விட்டால் கிளட்ச் தட்டு தேயும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இடது கால் வலிக்கத் தொடங்கும். இதெல்லாம் பழகிக்கொள்ளக் கூடியதுதான். இதற்காக மட்டும் யாரும் பைக் எஞ்சினை ஒதுக்க வேண்டியதில்லை. நானும் இதற்காக ஒதுக்கவில்லை.

நான் ஒதுக்கியது ஆயிலுக்காக.

தண்ணீர் நிறைந்த வாளியைக் கைப்பிடியில் தொங்கவிட்டபடி சுழன்று பாருங்கள். வாளி சாயும், ஆனால் தண்ணீர் சிந்தாது. அதே தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி, தட்டைக் கிடையாகவே பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்புங்கள், எல்லாம் ஒரு பக்கமாகக் கொட்டிவிடும். பைக் என்பது தொங்கும் வாளி. வளைவில் பைக் சாயும்போது எஞ்சினும் சேர்ந்து சாய்வதால், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயிலைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை, அது தன் இடத்தில் அப்படியே கிடக்கும். அந்த எஞ்சினைச் செய்தவர்களும் அதை நம்பித்தான் சம்ப்பை வடிவமைத்திருக்கிறார்கள். அதே எஞ்சினைக் காரில் போட்டால் அது சாயாது. நல்ல டயர் போட்ட இலகுவான கார் வளைவில் பக்கவாட்டில் 1 ஜி விசையை, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான விசையை, எட்டக் கூடியது. 1 ஜியில் திரவத்தின் மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். அப்படி ஆயில் முழுக்க ஒரு சுவரோடு ஏறி நிற்கும்போது, நடுவில் இருக்கும் உறிஞ்சுக் குழாய் காற்றைக் குடிக்கத் தொடங்கும்.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பைக் சம்ப் ஆழமானது, அதை அப்படியே வைத்தால் தரையில் இடிக்கும். அதனால் கட்டுகிறவர்கள் சம்ப்பை வெட்டிக் குட்டையாக்குவார்கள். ஏற்கெனவே ஓடி ஒளியும் ஆயிலுக்கு இப்போது இருக்கும் இடமும் சுருங்கிவிடுகிறது.

ஒரு நொடி காற்று போனால் என்ன ஆகிவிடும் என்று நானும் கேட்டவன்தான். நிமிடத்துக்கு 9000 சுற்றில் ஓடும் எஞ்சின் ஒரு நொடியில் 150 முறை சுற்றுகிறது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டியது. அந்த இடைவெளியில் ஆயில் அழுத்தத்தோடு இருக்கிறவரை இரும்பும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஆயில் இல்லையென்றால் அந்த 150 சுற்றும் உலோகத்தின் மேல் உலோகம்.

நண்பரின் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, போக்குவரத்து இல்லாத ஒரு மூடிய தடத்தில் போய்க்கொண்டிருந்தேன். முடியவே முடியாது போல நீண்ட ஒரு வலது வளைவு. அவர் சாலையைப் பார்த்தார், நான் ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்தேன். 5 பாரில் நின்றிருந்த முள் வளைவின் பாதியில் ஒரு மூச்சு நேரம் 1க்குக் கீழே போய்விட்டுத் திரும்பி வந்தது. நிறுத்தியதும் சொன்னேன். "மீட்டர் ஒயர் லூஸா இருக்கும்டா" என்றார். எனக்கும் அப்படி இருந்தால் நல்லது என்றே தோன்றியது. அதற்கப்புறம் இரண்டு முறைதான் ஓட்டியிருப்பார், ஐடிலில் ஒரு தட்டும் சத்தம் வந்தது. ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்தோம். வெயிலில் பிடித்தபோது மினுக்கென்று பொடி மின்னியது. காந்தத்தை வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. இரும்புத் தூள் என்றால் ஒட்டியிருக்கும். ஒட்டாதது பேரிங்கின் பொடி. சம்ப்பைக் கழற்றி உள்ளே போனால், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளில் மூன்றாவதன் பேரிங்கில் சாம்பல் நிற மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. நகத்தால் வருடினால் வரிவரியாகத் தட்டுப்பட்டது.

அன்றைக்கு எஞ்சின் போனது பணக் கணக்கு. எனக்குப் பயம் வேறு இடத்தில். இதே பேரிங் வளைவின் நடுவில் முழுதாக இறுகியிருந்தால் எஞ்சின் நின்றுவிடும், எஞ்சினோடு பின் சக்கரங்களும் நின்றுவிடும். கிளட்ச்சை மிதிக்கும் அளவுக்கு யோசிக்க அப்போது நேரம் இருக்காது. பின் சக்கரம் பூட்டிக்கொண்ட இலகுவான கார் பம்பரம்தான். கார் எஞ்சினும் இறுகினால் இதே கதைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் கார் எஞ்சினைச் செய்தவர் அது சாயாமல் வளைவில் போகும் என்று தெரிந்தே செய்திருக்கிறார். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைத்திருக்கிறார், ஆயிலும் கூடுதல். என் மீட்டரின் முள் வளைவில் இதுவரை அசைந்ததில்லை.

பைக் எஞ்சினுக்கு மருந்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. சம்ப்பைத் தட்டையாக, அகலமாகச் செய்து, உள்ளே ஒருவழிக் கதவு வைத்த தடுப்புகள் போடலாம். ஆயில் வரும், திரும்பிப் போக முடியாது. அதையும் தாண்டினால் டிரை சம்ப்: ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்து, ஒரு பம்ப் உறிஞ்ச இன்னொன்று ஊட்டுவது. நண்பர் இரண்டாவது எஞ்சினுக்குத் தடுப்புச் சம்ப் போட்டார், ஒரு வருடமாகப் பிரச்சினை இல்லை. என் கண்முன்னே போனது ஒரே ஒரு எஞ்சின்தான். அதை வைத்து எல்லா பைக் எஞ்சினுக்கும் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை என்பதும் தெரியும். ஆனால் கிளட்ச், கியர், எஞ்சின் மூன்றும் ஒரே ஆயிலில் குளிப்பதால் அவர் 1500 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறார். நான் 5000க்கு மாற்றுகிறேன்.

என் பக்கத்துக் குறைகளையும் சொல்ல வேண்டும். எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸையும், இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் இணைக்கும். நம் சேசிஸில் அதை வைக்க இடமில்லை. எடுத்துவிட்டால் டிஃபரன்ஷியலின் மூக்கைப் பிடிக்கப் புதிதாகத் தாங்கி செய்ய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் போனது. புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து பேலன்ஸ் பார்க்க வேண்டும், அதை வீட்டில் செய்ய நினைக்காதீர்கள். எஞ்சின் உயரம் என்பதால் காரிலேயே தாழ்வான பொருள் என் சம்ப்தான், தரைக்கு 110 மி.மீ. ஒரு வேகத்தடையில் உரசி, அடியில் போட்டிருந்த தகடு வளைந்ததோடு தப்பித்தேன். பதிலுக்கு ஒரே காரிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹப், பிரேக், ஸ்டியரிங் ராக், ஒயரிங் எல்லாம் கிடைத்தன. பைக் ஒயரிங்கில் கவிழ்ந்தால் எஞ்சினை அணைக்கும் சென்சார் ஒன்று உண்டு. நண்பர் அதைப் படுக்கை வசமாக மாட்டிவிட்டு இரண்டு நாள் ஸ்டார்ட் ஆகவில்லையே என்று தவித்தார்.

ஓட்டும் பாதுகாப்பில் இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட மனமில்லை: பிரேக் சமநிலை. பழைய காரிலிருந்து வந்த பிரேக்குகள் அந்தக் காரின் எடைக்கும் அது முன்னால் சாயும் அளவுக்கும் கணக்குப் போட்டவை. நம் கார் பாதி எடை, ஏபிஎஸ் கிடையாது. முன் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் கார் நேராகப் போகும், பின் சக்கரங்கள் முந்தினால் சுழலும். அதனால் பெடலில் முன்பின் பங்கை மாற்றும் தண்டு ஒன்று வைத்து, காலியான மைதானத்தில் 40 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்து, வெளியே ஒருவரை நிறுத்தி எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். நனைந்த தரையிலும் அதையே மறுபடி செய்தோம். ஈரத்தில் கார் முன்னால் சாய்வது குறைவு, பின் சக்கரம் முந்தாது. பயம் உலர்ந்த தரையில் ஓங்கி மிதிக்கும்போதுதான். டயர் காற்று 18 முதல் 20 பிஎஸ்ஐ போதும். சாதாரண கார் போல 30 வைத்தால் டயர் சூடே ஏறாது. கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக் குழாயான ரோல் பார் ஹெல்மெட்டை விட உயரமாக இருக்கட்டும், பெல்ட்டின் தோள் பட்டை தோளின் மட்டத்திலோ சற்று மேலேயோ பின்னால் போகட்டும். தோளுக்குக் கீழே இறங்கினால் மோதலில் அது முதுகெலும்பை அழுத்தும். முதல் 50 கி.மீ.க்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கினேன், நான்கு லூசாக இருந்தன.

வெறும் தடத்தில் மட்டும் ஓட்டப்போகிறேன், டிரை சம்ப்புக்கும் சேர்த்தே செலவு ஒதுக்கிவிட்டேன் என்பவரிடம் நான் வாதாட மாட்டேன், பைக் எஞ்சினே போடுங்கள். சாலையிலும் ஓட்ட வேண்டும், யாரையாவது பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்றால் கார் எஞ்சின். மின்மோட்டார் போட்டவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அப்படி ஒன்றில் நான் ஏறியதுகூட இல்லை, அதனால் வாயைத் திறக்கவில்லை. எதை எடுத்தாலும் எஞ்சின் வாங்குவதற்கு முன் இரண்டு வகைக் காரிலும் ஒருமுறை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போய் வாருங்கள். நீண்ட வளைவு வரும்போது சாலையைப் பார்க்காமல் ஆயில் மீட்டரைப் பாருங்கள்.